உதவப் போகிறவர் முதலில் உதவி கேட்கட்டும்

என்னிடம் படித்த பிள்ளைகள் பி.எட்., நர்ஸிங் எல்லாம் முடித்துவிட்டு போடியில் என் வீட்டுக்கு வருகிறார்கள். "டீச்சர், வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகணும்னா எங்கே எழுதணும்? சம்பளம் தருவாங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, அங்கே போய்க் குடியிருப்பதைப் பற்றி நானாகவே பேச ஆரம்பித்துவிடுவேன். அதுதான் கஷ்டமான பகுதி.

முதலில் அந்த இரண்டு பதில்கள். 1958-இல் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு, ஆரம்பத்தில் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை அனுப்பியது. பிறகு தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பல நாடுகளிலிருந்தும் எடுக்கத் தொடங்கியது. ஐ.நா. பொதுச்சபை 1970-இல் உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். கிடைப்பது சம்பளம் இல்லை. மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு படி, மருத்துவக் காப்பீடு, போய்ச் சேர்ந்ததும் குடியேற ஒரு தொகை. அதில் கடனை அடைக்கலாம், நகை வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது.

நான் 2013 தொடக்கத்தில் தொண்டாசிரியையாகத் தான்சானியாவுக்குப் போனேன். டாங்கா மாகாணம், முஹேசா மாவட்டம், கிழக்கு உசம்பாரா மலைச்சரிவு. 1902-இல் ஜெர்மானியர்கள் தாவரவியல் தோட்டம் அமைத்த அமானி இந்த மலையில்தான் இருக்கிறது. ஊருக்குள் நடந்துபோகும்போதே தெரிந்த வாசனை வந்தது. காட்டுமர நிழலில் ஏலச்செடி! என் அம்மா போடி குடோனில் காய் பொறுக்கியவர். அரிசியில் கல் பார்க்கப் பழகுமுன் ஏலத்தில் வெடித்த காயையும் வெளுத்த காயையும் பிரிக்கப் பழகியவள் நான். அங்கே அக்கம்பக்கத்து விவசாயிகள் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். நம் மலையில் ஸ்டோரில் வெப்பக்காற்றில் உலர்த்துவதால்தான் பச்சை நிறம் நிற்கிறது, வெயிலில் வெளுத்துவிடும். இதைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் வந்து இறங்கியதும் புத்தி சொல்கிறவளை எந்த ஊர்தான் ஏற்கும்?

குடியேறுவதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. முதல் வேலையாகக் கிராம அலுவலகத்துக்குப் போய்த் தலைவரைப் பார்த்து, வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். வழியில் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று வணங்காமல் தாண்டக்கூடாது. அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சு. மணிக்கணக்கும் வேறு. சூரியன் எழுந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. காலை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் ஒன்பதுக்குப் போனால் போதும்.

வீட்டில் கரியடுப்பு. அதைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா. தேங்காய் துருவ அவரிடம் ஒரு பலகை இருந்தது. மடித்து வைக்கலாம், விரித்தால் அதன்மேல் உட்கார்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்வைத்த இரும்பில் மூடியைச் சுழற்றணும். அதை இரவல் கேட்கப் போவேன். அவர் தருவார், கூடவே ஒரு கட்டு முச்சிச்சாவும் தருவார். அது நம்ம முளைக்கீரை இனம்தான். நான் கடைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தேங்காய்ப்பாலில் சமைத்துக் கொண்டுவந்தார். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பிறகுதான் தெருவில் என்னை விருந்தாளியாகப் பார்ப்பது நின்றது. எதுவுமே தேவைப்படாதவளாக இருந்திருந்தால் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்திருப்பேன்.

வகுப்பிலும் அதே பாடம்தான். தான்சானியாவில் அரசுத் தொடக்கப்பள்ளி முழுக்க சுவாஹிலி வழி. உயர்நிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் எல்லாம் ஆங்கிலம். கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் விழிக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் அப்படி விழித்தவள் நான். அதனால் பிள்ளைகளிடமே கேட்டேன்: கூட்டலுக்கு உங்கள் மொழியில் என்ன, பின்னத்துக்கு என்ன? அவர்கள் சொல்லச்சொல்லக் கரும்பலகையில் இடப்பக்கம் சுவாஹிலி, வலப்பக்கம் ஆங்கிலம். டீச்சரைத் திருத்துகிற உரிமை கிடைத்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் கைதூக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்த கணக்கு ஆசிரியர் அந்த இரண்டு பத்திகளையும் குறிப்பேடாக எழுதி வைத்துக்கொண்டார்.

ஏலக்காய் விஷயத்தை நானாகப் பேசவே இல்லை. அந்த விவசாயிகளே ஒருநாள் கேட்டார்கள், "உங்கள் ஊரில் எப்படி உலர்த்துவீர்கள்?" என்று. அப்போது உட்கார்ந்து படம் வரைந்து சொன்னேன்.

இதெல்லாம் போடிக்காரர்களுக்குப் புதிதல்ல. விடிவதற்குள் ஜீப் ஏறி, பதினேழு கொண்டைஊசி வளைவு தாண்டி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நம் ஜனங்கள். மேலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களும் உண்டு. மொழி வேறு, மாநிலம் வேறு, குளிர் வேறு. புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் நாள் அடுப்புக்கு நெருப்பும் குடத்துக்குத் தண்ணீரும் பக்கத்து வீடுதான் தரும் என்று அம்மா சொல்வார். வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்கள் மலையில் நிலைக்கமாட்டார்கள் என்பார்.

ஆகவே போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்புமுன் அந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும் கடைவீதிப் பேச்சும் கற்றுக்கொள்ளுங்கள். பொடி வகை கொஞ்சமாக எடுத்துப்போங்கள்; அங்கே விளைவதைச் சாப்பிடுங்கள். முதல் மாதம் யாருக்கும் ஆலோசனை சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். உள்ளூர் ஆசிரியரோ நர்ஸோ ஒருவரைச் சேர்த்துக்கொண்டே எந்த வேலையையும் செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் கிளம்பிய பிறகு அதை நடத்தப்போவது அவர்தான். நல்ல படிப்பும் உழைக்கிற உடம்பும் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கிற மனசும் இருந்தால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.