கிரிவலத்துக்கு நடக்கும் கால்கள் தெருமுனைக்கு நடக்க மறுப்பது ஏன்?

பௌர்ணமி அன்று விழுப்புரம் ஜங்ஷனில் திருவண்ணாமலை ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தையும், திண்டிவனத்தில் செஞ்சி வழியாகப் போகும் பஸ்ஸில் இடம்பிடிக்கும் கூட்டத்தையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மூட்டுவலித் தைலமும் தண்ணீர் பாட்டிலும் பையில் இருக்கும். ராத்திரி முழுக்க 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து முடித்துவிட்டு, விடியும்போது ஊர் திரும்புவார்கள்.

அவர்களிடமே டாக்டர், “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று சொன்னால், “எங்க சார் முடியுது?” என்பதுதான் பதிலாக இருக்கும்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. கிரிவலத்துக்கு நாள் குறித்தாகிவிடுகிறது. கூட வர பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். எதற்காக நடக்கிறோம் என்பதும் மனசுக்குத் தெரியும். காலை நடைக்கு இந்த மூன்றுமே இருப்பதில்லை. ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட எந்தத் தடையும் இல்லை. வயதான பிறகு உடற்பயிற்சி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எதை இழக்கிறோம்?

முப்பது வயதுக்குமேல், பத்தாண்டுக்கு சுமார் 3 முதல் 8 சதவிகிதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவக் கணக்கு. அறுபதுக்குமேல் இந்த வேகம் கூடும். ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. பஸ் படி உயரமாகத் தெரியும். குளியலறையில் சுவரைப் பிடிக்க வேண்டிவரும். அதன்பிறகு ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர் மற்றவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடும்.

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, ஊரில் பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகள் இன்று அதிகம். அந்த வீடுகளில் உடற்பயிற்சி என்பது தொப்பையைக் குறைக்கும் விஷயம் அல்ல. யாரையும் கூப்பிடாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க முடியுமா என்கிற விஷயம்.

டிரைவரும் கண்டக்டரும்

அரசுப் போக்குவரத்துக் கழகக் கோட்டத்தின் தலைமையிடமான விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்த ஆய்வு சட்டென்று புரியும். லண்டனின் மாடி பஸ்களில் வேலைபார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்கள் அல்ல. வேலையோடு வேலையாக உடம்பு அசைந்தது, அவ்வளவுதான். மோரிஸும் 99 வயது வரை வாழ்ந்தார்.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

கைக்கடிகாரத்தில் 10,000 அடி வரவில்லையே என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இந்த எண் மருத்துவர்கள் வகுத்தது அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியின் பெயர்தான் ‘பத்தாயிரம் அடி’. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 72 வதான சுமார் 16,700 பெண்களைக் கவனித்தது. தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி போதும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம்தான் மிதம். கூடவே வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் வேண்டும். ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்று கேட்கும் இல்லத்தரசிகளுக்கும் இது பொருந்தும். வீட்டு வேலையும் கணக்கில் சேரும்தான். ஆனால், கால் தசையின் பலத்துக்கு அது மட்டும் போதாது.

விடாமல் தொடர என்ன வழி?

* துணை தேடுங்கள்: “நாளைக்கு அஞ்சரைக்கு வாசல்ல நிக்கறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், படுத்திருக்க மனசு வராது. தெருநாய் பயத்துக்கும் இருட்டுக்கும்கூட துணைதான் மருந்து.

* வழக்கமான வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: பால் வாங்குவது, பேரனைப் பள்ளியில் விடுவது, கோயிலுக்குப் போவது என ஏதாவது ஒன்றை நடையாக மாற்றிவிடுங்கள். காபி கொதிக்கும் நேரத்தில் மேடையைப் பிடித்தபடி பத்து முறை குதிகாலை உயர்த்தி இறக்கலாம். டி.வி பார்க்கும்போது நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம்.

* மாதம் ஒரு நாளைக் குறியுங்கள்: 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. விழுப்புரம் உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடையும் மருத்துவ முகாமும் என்பது ஏற்பாடு. எட்டு கிலோமீட்டரும் நடக்க வேண்டும் என்பதில்லை, முடிந்தவரை நடக்கலாம்.

* கற்றுக்கொடுங்கள்: கோவை யோகா ஆசிரியை நானம்மாள் 2018-ல் பத்மஸ்ரீ பெற்றபோது தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார். 99 வயதில் 2019-ல் மறைந்தார். சிறுவயதில் அப்பாவிடம் கற்றதைப் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் சொல்லிக்கொடுத்தவர். நம்மைப் பார்த்துச் செய்ய ஒரு பேத்தி பக்கத்தில் நின்றால், நமக்கும் விட மனசு வராது.

* பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்: சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் நடங்கள்.

கவனம் தேவை

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நடப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாதம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, பௌர்ணமி அன்று மட்டும் 14 கிலோமீட்டர் நடப்பதும் முட்டிக்கு நல்லதல்ல.

கடைசியாக ஒன்று. காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணம் என்று எல்லோருக்கும் நடை தடைபடும். பலர் பயிற்சியை ஒரேயடியாகக் கைவிடுவது அந்த இடைவெளிக்குப் பிறகுதான். ‘விட்டுப்போச்சு, இனி எங்க?’ என்று நினைக்காமல், முன்பு நடந்ததில் பாதி தூரத்தோடு மறுபடி தொடங்குங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் பழைய அளவை எட்டிவிடலாம். எத்தனை முறை நின்றது என்பதைக் கணக்கு வைக்க வேண்டாம். மறுபடி தொடங்கினால் போதும்.