மால்டாவில் ஒரு ஓட்டு எத்தனை முறை பேசும், தெரியுமா?

இன்று நீங்கள் போடும் ஓட்டு நாலு வருஷம் கழித்து மறுபடி எண்ணப்பட்டு, நீங்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இன்னொரு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். மத்தியத் தரைக்கடலில், சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்டாவில் இதுதான் சட்டம்!

மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் பரப்பிலும் மக்கள்தொகையிலும் மால்டாதான் கடைக்குட்டி. அந்தக் கடைக்குட்டி, 720 பேர் உட்காரும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஆறு பேரை அனுப்புகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 45 கோடி. ஆளுக்குச் சரிசமமாகப் பங்கு பிரித்தால் சுமார் 6 லட்சம் பேருக்கு ஒரு எம்.பி. வரும். மால்டாவின் மக்கள்தொகை அதைவிடக் குறைவு. அந்தப் பங்கீட்டில் ஒரு இடம்கூட முழுதாகத் தேறாது! அதனால்தான் எந்த நாட்டுக்கும் 6 இடத்துக்குக் குறையக் கூடாது, 96 இடத்தைத் தாண்டவும் கூடாது என்று லிஸ்பன் ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள். 96 இடம் ஜெர்மனிக்கு. அங்கே ஏறத்தாழ எட்டரை லட்சம் பேருக்கு ஒரு எம்.பி., மால்டாவில் சுமார் தொண்ணூறாயிரம் பேருக்கு ஒருவர். ஒரு மால்டாக்காரரின் ஓட்டுக்கு ஜெர்மானியர் ஓட்டைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் எடை! பெரியவன் குரலில் சின்னவன் குரல் அமுங்கிப் போகக் கூடாது என்று பெரியவர்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஏற்பாடு இது. உலக அரசியலில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

சரி, அந்த ஆறு பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், தெரியுமா? நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்குச்சீட்டில் எல்லாக் கட்சி வேட்பாளர்களின் பெயரும் இருக்கும். 2024இல் முப்பது பேருக்கும் மேல். நம் ஊர்போல ஒரு பெயருக்கு நேரே பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிட முடியாது. மனசுக்கு மிகப் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட வேண்டும். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம். கட்சி மாறியும் போடலாம். 1ஐ மட்டும் போட்டுவிட்டு மடித்துப் பெட்டியில் போட்டாலும் செல்லும். ஆனால் 2, 3 என்று எழுதும் ஒவ்வொரு எண்ணும் அந்தச் சீட்டுக்குக் கூடுதல் ஆயுள்!

எப்படி என்கிறீர்களா? ஆறு இடம் என்றால் செல்லுபடியான வாக்குகளை ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டுவார்கள். வருவதுதான் வெற்றிக் கோடு. ஏன் ஏழு? 70,000 வாக்கு விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு 10,001. ஆறு பேர் அந்தக் கோட்டைத் தொடலாம், ஏழாவது ஒருவர் தொடவே முடியாது; அதற்கு வாக்கு மிச்சம் இருக்காது. அவ்வளவு கச்சிதம்! கோட்டுக்கு மேல் ஒருவருக்கு விழுந்த உபரி வாக்கு வீணாவதில்லை. அந்தச் சீட்டுகளில் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு விகிதப்படி போகும். கடைசியில் இருப்பவர் விலக்கப்படுவார். அவருடைய சீட்டுகளும் அடுத்த எண்ணைத் தேடிப் போகும். இப்படிச் சுற்றுச் சுற்றாக எண்ணி, ஆறு இடமும் நிரம்பும்வரை சீட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

2024 ஜூன் 8 தேர்தலில் தேசியவாதக் கட்சி வேட்பாளர் ரொபர்ட்டா மெட்சோலாவுக்கு விழுந்த முதல் விருப்ப வாக்குகள் எத்தனை, தெரியுமா? 87,473! வெற்றிக் கோடோ சுமார் 37,000தான். ஒருவருக்கே வெற்றிக் கோட்டைப்போல இரு மடங்குக்கு மேல் வாக்கு. நம் ஊர்ப் பொதுத்தேர்தல் முறையாக இருந்தால் அந்த ஐம்பதாயிரம் உபரியும் வெறும் வாக்கு வித்தியாசமாகத் தாளில் நின்றிருக்கும். இங்கே அது அவருடைய கட்சிச் சகாக்களின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அவரோடு பீட்டர் ஏஜியஸ், டேவிட் காசா இருவரும் கரையேற, லேபர் கட்சிக்கு மூன்று, தேசியவாதிகளுக்கு மூன்று என்று ஆட்டம் முடிந்தது.

இந்தக் கணக்கு நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவை எம்.பி.க்களைத் தேர்ந்தெடுப்பதும் இதே ஒற்றை மாற்று வாக்கு முறையில்தான். இங்கே சட்டமன்றத்துக்குள் அடைபட்டிருக்கும் முறையை மால்டாவில் ஒவ்வொரு குடிமகனும் கையாள்கிறான். அதுவும் நேற்று இன்று பழக்கமல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் சுயாட்சி கிடைத்த 1921 முதல் உள்நாட்டுத் தேர்தலே அங்கே இப்படித்தான்!

எண்ணும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கே மனசு ஆறாது. நஷார் என்ற ஊரில் பெரிய எண்ணும் கூடம். கட்சி முகவர்கள் ஒளி ஊடுருவும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் பிரியும் சீட்டுகளைக் கண்ணாலேயே பிடித்துக் குறித்துக்கொள்வார்கள். அந்த மாதிரிக் கணக்கை வைத்தே அதிகாரபூர்வ முடிவுக்குப் பல மணி நேரம் முன்னதாக யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடுவார்கள். 2019இல் ஐரோப்பியத் தேர்தலோடு மின்னணு வருடிகள் வந்தன. அதுவரை எல்லாம் கையால்தான்.

இப்போது அந்த நாலு வருஷத்துச் சீட்டுக்கு வருவோம். ஓர் உறுப்பினர் பதவி விலகினாலோ இறந்தாலோ மால்டாவில் மறுபடி ஊர்கூட்டித் தேர்தல் நடத்துவதில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த பழைய சீட்டுகளை வெளியே எடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் நின்று தோற்றவர்களில் விருப்பமுள்ளவர்கள் மனு கொடுக்கலாம். விலகியவரின் பெயரை விட்டுவிட்டு அடுத்த விருப்பத்தை எண்ணுகிறார்கள். எவ்வளவு நியாயம் பாருங்கள்! யாரை நம்பி அந்த வாக்காளர்கள் ஓட்டுப் போட்டார்களோ அவர் போய்விட்டார்; ஆகவே அவர் இடத்துக்கு யார் என்று அதே வாக்காளர்களையே, அவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த எண்களின் வழியாகக் கேட்கிறார்கள்.

2009 ஐரோப்பியத் தேர்தலில் 68,782 முதல் விருப்ப வாக்கு வாங்கி வென்றவர் சைமன் புசுட்டில். 2013இல் உள்நாட்டு அரசியலுக்குத் திரும்பினார். அவருடைய இடம் காலியானது. இந்த வழியில் உள்ளே வந்தவர் யார், தெரியுமா? 2004இலும் 2009இலும் நின்று தோற்றிருந்த ரொபர்ட்டா மெட்சோலா! அதுவரை மால்டா ஒரு பெண்ணைக்கூட ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதில்லை. அந்த ஆண்டுதான் முதல்முறையாகப் பெண்கள் போனார்கள். மறு வருஷமே, 2014இல், ஆறில் நான்கு இடம் பெண்களுக்கு!

அதோடு நிற்கவில்லை. 2022 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவர் டேவிட் சசோலி காலமானார். ஜனவரி 18 அன்று நடந்த தேர்தலில் 458 வாக்குகளோடு மெட்சோலா தலைவரானார். அன்று அவருக்கு 43ஆவது பிறந்தநாள்! அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களில் அவரே இளையவர். சிமோன் வெயில், நிக்கோல் ஃபோன்டேனுக்கு அடுத்து மூன்றாவது பெண். பழைய சீட்டுகள் திறந்துவிட்ட கதவு அத்தனை தூரம் போயிற்று!

காத்திருப்பில் சாதனை படைத்த ஜோசப் குஸ்கியேரியையும் சொல்லியாக வேண்டும். 2008இல் தன் கட்சித் தலைவர் உள்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் வருவதற்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்தவர் இவர். 2009 ஐரோப்பியத் தேர்தலில் ஆறாவதாக வந்தார். அப்போது மால்டாவுக்கு ஐந்து இடம்தான். ஆறாவது இடம் லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியே வரவேண்டும். ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கூடுதல் இடங்களுக்கென்று தனியாக ஓர் ஏற்பாட்டை எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2011 டிசம்பரில்தான் அவர் இருக்கையில் அமர்ந்தார். ஜெயித்து இரண்டரை வருஷம் கழித்து!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 2003 மார்ச்சில் ஒன்றியத்தில் சேரலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தபோது சேர வேண்டும் என்றவர்கள் 53.6 சதவீதம்தான். வேண்டாம் என்று நாட்டையே திரட்டியவர் லேபர் கட்சித் தலைவர் ஆல்ஃபிரட் சான்ட். அதே ஆல்ஃபிரட் சான்ட் 2014இலும் 2019இலும் வென்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பத்து வருஷம் மால்டாவுக்காகப் பேசினார்! எதிர்த்தவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து அவர் வாதத்தைக் கேட்கும் சபை என்றால் அதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஐரோப்பா முழுவதும் ஒரே நாளில் ஓட்டுப் போடுவதில்லை என்பது தெரியுமா? நெதர்லாந்தில் வியாழன், பல நாடுகளில் ஞாயிறு. மால்டாவில் ஐந்து முறையும் சனிக்கிழமை. 2018இல் வாக்களிக்கும் வயதை 16ஆகக் குறைத்தார்கள். ஒன்றியத்தில் ஆஸ்திரியாவுக்கு அடுத்து இவர்கள்தான். தபால் ஓட்டு கிடையாது, தூதரகத்தில் போடவும் முடியாது. அதற்குப் பதிலாக வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்கள் ஊருக்கு வந்து ஓட்டுப் போடச் சலுகை விலையில் விமான டிக்கெட்!

இத்தனை நுட்பமான முறை இருந்தும் ஒரு புதிர் மட்டும் அவிழாமல் நிற்கிறது. சிறு கட்சிகளுக்கு இடம் கொடுக்கும் முறை என்று உலகமே புகழும் இந்த முறையில், மால்டாவில் 2004 தொடங்கி இன்றுவரை லேபர், தேசியவாதி தவிர மூன்றாம் கட்சிக்காரர் ஒருவர்கூட ஐரோப்பாவுக்குப் போனதில்லை. மிக நெருங்கியவர் பசுமைக் கட்சியான அல்டர்னத்திவா டெமொக்ராட்டிக்காவின் ஆர்னால்ட் கசோலா. 2004இல் அவருக்கு 22,938 முதல் விருப்ப வாக்கு. அவரைவிட மிகக் குறைவான முதல் விருப்ப வாக்கு வாங்கிய டேவிட் காசா, கட்சிச் சகா புசுட்டிலின் உபரி வந்து சேர்ந்ததில் ஜெயித்தார். கசோலா கடைசி இடத்தைக் கோட்டை விட்டார். காசா அன்றிலிருந்து ஐந்து தேர்தலிலும் ஜெயித்து இன்றும் எம்.பி.

தோற்ற கசோலா என்ன ஆனார், தெரியுமா? அவர் இத்தாலியக் குடிமகனும்கூட. வெளிநாடுகளில் வாழும் தன் குடிமக்களுக்கென்று இத்தாலி தன் நாடாளுமன்றத்தில் தனி இடங்கள் வைத்திருக்கிறது. 2006இல் ஐரோப்பாவில் வாழும் இத்தாலியர்களின் பிரதிநிதியாக நின்றார், வென்றார். தன் தீவு அனுப்பாத அந்த மால்டாக்காரர் ரோம் நகரில் எம்.பி. ஆகிவிட்டார்!