கடல் சாட்சி சொல்லும் வரை

2004 டிசம்பர் 30. ஆழிப்பேரலை அடித்து நான்காம் நாள். இன்னொரு அலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. நாகப்பட்டினம் கரையில் நின்றவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அலை வரவில்லை. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி விடுத்த எச்சரிக்கை அது. ஒரே வாரத்துக்குள் இந்தக் கடற்கரை இரண்டையும் பார்த்துவிட்டது: எச்சரிக்கையே இல்லாமல் வந்த அலையையும், அலையே இல்லாமல் வந்த எச்சரிக்கையையும்.

இரண்டாவதைச் சிறிய பிழை என்று தள்ள என்னால் முடியவில்லை. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது திருப்பாலைக்குடி. அங்கே வள்ளம் கடலுக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். வீணாக நாலு முறை கரையேறியவர் ஐந்தாம் முறை ஏற யோசிப்பார். அந்த ஐந்தாவது உண்மையாக இருந்துவிட்டால்?

ஹைதராபாத்தில் கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கியபோது, இந்தக் கேள்விக்கும் விடை தேட வேண்டியிருந்தது. கடலடி நிலநடுக்கம் எல்லாமே சுனாமியை எழுப்புவதில்லை. தரை மேலும் கீழுமாக நகர்ந்தால்தான் தண்ணீர் பெருமளவில் தூக்கியெறியப்படும். நிலநடுக்கக் கருவி தருவது சந்தேகம் மட்டுமே. சாட்சி சொல்ல வேண்டியது கடல்.

அந்தச் சாட்சியைக் கேட்கத்தான் ஆழ்கடல் தரையில் அழுத்தமானிகளை வைக்கிறார்கள். மேலே அலை உயர்ந்தால் அடியில் அழுத்தம் கூடும். ஆனால் கடல் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அமெரிக்கர்கள் உருவாக்கிய டார்ட் மிதவைகள் இதற்கு அழகான வழி கண்டன. கடந்த மூன்று மணி நேரத்து அளவுகளை வைத்து, இந்த நொடியில் நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கருவியே கணக்கிடுகிறது. 15 விநாடிக்கு ஒருமுறை நிஜ அளவோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் 3 சென்டிமீட்டர் அளவைத் தாண்ட வேண்டும்; அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை. அப்போதுதான் அது விழித்துக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் ஓதமும் காற்றலையும் எவ்வளவு ஆடினாலும் கருவி அவசரக் குரல் எழுப்பாது.

வீண் அலறலை வடிகட்ட வேண்டும் என்ற இதே பாடம்தான் செல்போன் கோபுரங்களைக் கண்காணிக்கும் அறைகளிலும். ராமநாதபுரத்திலிருந்து கரையோரமாகப் போகும் ஃபைபர் கேபிளைப் பொக்லைன் அறுத்துவிட்டது என்று வையுங்கள். அதை நம்பியிருக்கும் கோபுரங்கள் எல்லாம் தனித்தனியே அலறும். திரை முழுக்கச் சிவப்பு, அறுந்ததோ ஒன்று. எது எதை நம்பி நிற்கிறது என்று மென்பொருளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால், தாய் இணைப்பு விழுந்ததும் பிள்ளைகளின் கூக்குரலை அடக்கி ஒரே செய்தி அனுப்பும். ஒருமுறை பதில் வராததற்காக ஊழியரை நடுராத்திரியில் எழுப்பாது. மூன்று நான்கு முறை தட்டிப் பார்க்கும்.

சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு 2012 ஏப்ரல் 11 பெரிய சோதனை. சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் கட்டடங்களை விட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாறை பக்கவாட்டில் வழுக்கியதால் பேரலை எழவில்லை. நிகோபாரின் சில பகுதிகளுக்கு மட்டுமே உச்சகட்ட எச்சரிக்கை போனது. கிழக்குக் கரைக்கு ஒரு படி குறைந்த உஷார் நிலைதான். அன்று மாலையே அதுவும் விலக்கப்பட்டது. தெருவில் அந்தப் படித்தரம் கரைந்து, 'சுனாமி வருது' என்ற ஒரே செய்தியாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

இந்தப் படிகளுக்குப் பின்னால் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. அலை வந்துசேர 60 நிமிடத்துக்கு மேல் ஆகும் கரை என்றால், முதலில் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, கடல்மட்ட அளவுகள் உறுதி சொன்ன பிறகே மேலே ஏற்றுவார்கள். சுமத்ராவில் எழும் அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். இலங்கையைச் சுற்றி பாக் நீரிணைக்குள் நுழைந்தாக வேண்டிய திருப்பாலைக்குடிக்கு இன்னும் தாமதம். பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்க்க அந்த அவகாசம் போதும். கார் நிகோபாரில் இருப்பவருக்கு அது கிடையாது. அங்கே கடலின் சாட்சிக்குக் காத்திராமல் நிலநடுக்கக் கணக்கை மட்டும் வைத்தே எச்சரிக்கை போகிறது. தரை ஆடியதுமே அவர் மேட்டை நோக்கி ஓடியாக வேண்டும்.