காருக்குள் தண்ணீர்: ஓட்டையா, அடைப்பா?

திருப்பூர் நெருப்பெரிச்சலில் காருக்குள் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. சித்திரை, வைகாசியில் சொட்டு மழை இல்லாமல் இடப்பக்க முன்சீட்டுக்குக் கீழே ஈரம் என்றால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழை உள்ளே வர வழி கண்டுபிடித்துவிட்டது. வெயில், மழை எதற்கும் கட்டுப்படாமல் பிசுபிசுவென்று ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால் டேஷ்போர்டுக்குள் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது.

அதனால்தான் விவரமான மெக்கானிக் பானட்டைத் தூக்குவதற்கு முன்னால் வாயைத் திறக்கிறார். "ஏனுங்கண்ணா, மழை பேஞ்சா வருதுங்களா, ஏசி போட்டா வருதுங்களா, வாட்டர் சர்வீஸ் பண்ணுனா வருதுங்களா?" இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் வண்டிக்காரருக்குப் பாதிச் செலவு மிச்சம். கேள்வியே கேட்காமல் சிலிக்கான் டியூபை எடுப்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

கார் என்பது தண்ணீர் புகாத பெட்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதைச் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழை கதவுக்குள் போகத்தான் செய்கிறது. கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே வந்துவிடுகிறது. சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைத் தாண்டும் தண்ணீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரைக் கீழே விடுகின்றன. வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் வடிகால் இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியேறும் வழி முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. ஆகவே நாம் ஓட்டை என்று தேடுவது பல நேரம் அடைப்பாக இருக்கும்.

அடைப்பதற்கு இந்த ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. மழை மறைவுப் பகுதி என்பதால் மாதக்கணக்கில் வண்டி மேல் வெயில்தான் விழுகிறது. ரப்பர் பீடிங் காய்ந்து விறைத்துப்போகிறது. ஆடிக் காற்று வேப்பிலையையும் புழுதியையும் வைப்பர் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நெருப்பெரிச்சல் 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தாலும் வண்டிகள் இன்னும் மரத்தடியிலும் பனியன் கம்பெனி வாசலிலும்தான் நிற்கின்றன. அங்கே நின்றால் பஞ்சுத் தூசியும் சேரும். இலை, மண், பஞ்சு மூன்றும் நனைந்து காய்ந்தால் வடிகாலில் தக்கை வைத்த மாதிரி ஆகிவிடும். பிறகு வரும் முதல் பெரிய மழை, பள்ளம் நிரம்பி, காற்று உள்ளே போகும் வழியாகக் காலடிக்கு இறங்கும். இந்த நிலையில் கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பூசி என்ன பயன்? அதைவிடக் கொடுமை, கதவின் அடித்துளைகளை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுவது. கதவு உள்ளே குளமாகி, தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

அடைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டொயோட்டாவிடம் ஒரு கதை இருக்கிறது. 2013 அக்டோபரில் அந்த நிறுவனம் கேம்ரி, வென்சா, அவலான் வகைகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் சிலந்தி. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயில் சிலந்தி வலை கட்டி, வெளியே போக முடியாத தண்ணீர் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் சொட்டும் அபாயம் இருந்தது. அதில் ஷார்ட் ஆனால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம். காரணமில்லாமல் ஏர்பேக் வெடித்தும் விரியலாம். ஒரு நூலாம்படை உலகத்தின் பெரிய கார் கம்பெனியை அலையவைத்தது. நம் ஊர்ப் பஞ்சு அதற்கு இளைத்ததில்லை.

ஏசி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காருக்குள் தேட வேண்டியதில்லை. புழுக்கமான நாளில் ஏசியைப் போட்டு வண்டியை நிறுத்தி வைத்தால் அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, உள்ளே மேட் நனைகிறது என்றால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து காற்றடித்தாலோ வளையும் கம்பியை மெதுவாக விட்டாலோ பல வண்டிகளில் ஒரு சொம்புத் தண்ணீர் சேற்றோடு கொட்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் கால்மேல் தண்ணீர் ஊற்றுவதும் இதே அடைப்பின் அடையாளம்தான்.

எது எந்தத் தண்ணீர் என்று பிரிக்கத் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: டிடிஎஸ் மீட்டர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஏசி தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வந்தது; உப்பு அநேகமாக இருக்காது. மழைத் தண்ணீரும் குறைவாகவே காட்டும். வாட்டர் சர்வீஸில் அடித்த போர்த் தண்ணீர் என்றால் எண் எகிறும், காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடமும் இருக்கும். ஒரே நிபந்தனை: சொட்டும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கார்பெட்டைப் பிழிந்து எடுத்தால் அதன் அழுக்கையும் சேர்த்து அளப்போம்.

மீட்டர் இல்லாவிட்டால் பனியன் வேஸ்ட் போதும். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கை துடைக்கக் கிடக்கும் வெள்ளைத் துணிதான். ஒற்றி எடுத்துப் பார்த்தால் பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயல் தெரிவது கூலன்ட். லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போலப் படியும். கூலன்ட் தொட்டி குறைந்துகொண்டே வரும். நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், அது விஷம்.

மழைத் தண்ணீர்தான் பொறுமையைச் சோதிக்கும். கூரையில் நுழைந்தது தகரத்தின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, தூணில் இறங்கி, பின்சீட்டுக் காலடியில் போய் நிற்கும். ஆகவே உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும்: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில்தான் கூரை. எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடிப்பது தப்பு. அந்த வேகத்தில் நல்ல பீடிங்கும் வழிவிடும். கார் தொழிற்சாலைகளில்கூட வண்டியை வெளியே அனுப்புமுன் கொட்டும் நீரில் விட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

தண்ணீர் வேண்டாம் என்றால் இன்னொரு வழி: கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வரும்படி புளோயரை முழு வேகத்தில் வைத்து, வெளியே பீடிங், கண்ணாடி ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால் காற்று தப்பும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடை வித்தைதான்.

சந்தேகப் பட்டியலில் மனிதக் கைபட்ட இடங்களுக்கு முதல் உரிமை. மாற்றிய முன்கண்ணாடி, டிங்கர் வேலை நடந்த மூலை, ஸ்டீரியோவுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் ஒயர் இழுக்க ரப்பரைக் குத்திய துளை, கேரியருக்குப் போட்ட போல்ட், ஸ்பீக்கர் மாட்டும்போது கதவுக்குள் கிழிந்த பிளாஸ்டிக் ஷீட்.

டிக்கி நனைந்தால் இங்கே நஷ்டம் வேறு வகை. கட்டிங் பீஸும் சாம்பிளும் ஏற்றிப்போகும் ஆம்னியிலோ ஈக்கோவிலோ ஓரமாக இறங்கும் கலங்கல் தண்ணீர் வெள்ளைத் துணியில் பட்டால் பண்டலே ரிஜெக்ட். பின்விளக்கின் ரப்பர், பம்பருக்குப் பின்னாலுள்ள காற்றுத் திறப்பு, டிக்கிக் கதவின் பீடிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இணைப்புகளில் முகப்பவுடர் தூவி, செல்போனில் லைட்டோடு வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, வெளியே தண்ணீர் விட்டால் பவுடரில் கோடு விழும் இடம் படத்தில் தெரியும்.

வழி கிடைத்துச் சரிசெய்த பிறகும் வேலை முடியவில்லை. கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஃபெல்ட் பல வண்டிகளில் பழந்துணி நாரைக் கொண்டு செய்தது. நனைந்த பருத்தி காய எத்தனை நேரமாகும் என்று இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் வாரக்கணக்கில் ஈரம் நின்று நாற்றமும் துருவும் பிடிக்கும். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கித்தான் காயவைக்க வேண்டும். சீட்டுக்கடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் வகையைச் சேர்ந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் தொடக்கூடாது, தெரியாதவர்கள் தொடவே வேண்டாம். காய்ந்ததும் ஃபெல்ட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஏசி போட்டு ஓட்டி, ஒரு மழையோ ஹோஸோ காட்டி, மறுநாள் தாளை எடுத்துப் பார்க்கலாம். மொடமொடவென்று இருந்தால் சீட்டை மாட்டிவிடலாம்.