பவழ நிறச் சுவர்... அழகு சரி, ஆரோக்கியம்?

"ஏங்க, தலைப்பிரசவத்துக்கு வர்ற பொண்ணு... அந்த ரூம்ல இன்னும் அதே பழைய பச்சை பெயிண்ட்தானா?" என்று சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே என் மனைவி ஆரம்பித்தார். அன்று மாலையே மகளிடமிருந்து போன். "அப்பா, கோரல் பிங்க் அடிங்கப்பா. பார்க்கவே மனசுக்கு இதமா இருக்கும்."

கோரல் பிங்க் என்றால் வேறொன்றுமில்லை, நம் பவழ நிறம்தான். ரோஸ் நிறத்தோடு லேசாக ஆரஞ்சு சேர்ந்தது. வெறும் ரோஸ் சுவரில் ஒரு குளிர்ச்சி தெரியும். பவழ நிறத்தில் ஒரு கதகதப்பு தெரியும். தேக்குக் கதவுக்கும், சிவப்பு சிமென்ட் தரைக்கும், ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஜோராகப் பொருந்தும்.

மகள் கேட்டாள், அடித்துவிட்டோம். ஆனால் அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நிறம் மனதை மாற்றுமா?

"பிங்க் அடிச்சா கோபம் குறையுமாமே டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்குப் பிங்க் பெயிண்ட் அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கியது என்று செய்தி பரவியது. அந்த நிறத்துக்கு, சிறை அதிகாரிகள் இருவரின் பெயரால் 'பேக்கர் மில்லர் பிங்க்' என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் பிறகு சுவிட்சர்லாந்துச் சிறையில் ஒழுங்காகச் சோதித்து, 2015-ல் வெளியான ஆய்வில் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை.

ஆகவே, பிடித்த நிறம் மனதுக்குச் சந்தோஷம் தரும். அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சுவரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது!

சுவர் சொன்ன பொய்

மகள் அறைக்கு அடித்தது போக பெயிண்ட் மிச்சமிருந்தது. "வீணாப் போவானேன்?" என்று நான் நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கும் அதையே அடித்துவிட்டார் பெயிண்டர். அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லோருமே பளிச்சென்று இருந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். "என்னம்மா, முகம் நல்லா தெளிஞ்சிருச்சே!" என்றேன். "எங்கய்யா... நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார்.

சுருக்கென்றது எனக்கு. அவரை வெளியே திண்ணைக்கு அழைத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 கிராம். குறைந்தது 12 இருக்க வேண்டியவர்!

சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். ஆனால் எட்டில் ஒன்றான 'நிறம்' என் சொந்த அறையிலேயே என்னை ஏமாற்றிவிட்டது. காரணம் எளிது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் நிறத்தையும் சுமந்துகொண்டு வந்து முகத்தில் படுகிறது. வெளுத்த முகமும் அதில் சிவந்து தெரிகிறது. மறு வாரமே அந்த அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன்.

குழந்தை இருக்கும் அறையா?

இதே ஏமாற்றம் பச்சைக் குழந்தை விஷயத்தில் நடந்தால் என்ன ஆகும்? பிறந்த முதல் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு லேசாக மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு அது ஏறிக்கொண்டே போய் மூளையையும் காது கேட்கும் திறனையும் பாதித்துவிடும். பவழ நிற அறையில், மஞ்சள் விளக்கின் கீழ், இந்த மஞ்சள் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். பச்சிளங் குழந்தைகளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி வார்டுகளில் சுவருக்கு அழுத்தமான நிறம் வேண்டாம் என்பதே இதற்காகத்தான்.

பவழ நிறமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒருமுறை குழந்தையை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்தால், அந்த இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று புரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. காலை வெயில் காட்டுவது, கைவைத்தியம் எல்லாம் இந்த இடத்தில் உதவாது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்!

சுரண்டும்போதுதான் ஆபத்து

"பழசைச் சுரண்டி உப்புத்தாள் போட்டாத்தான்யா புதுசு பிடிக்கும்" என்றார் பெயிண்டர். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பழைய பெயிண்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல் அமலானது. அதற்கு முன்பு அடித்த எனாமல் பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்களில், ஈயம் கலந்திருக்கலாம். கதவு, ஜன்னல், கம்பி, தொட்டில் எல்லாம் இதில் சேரும். உலர்ந்தபடியே தேய்க்கும்போது அது தூளாகி வீடு முழுக்கப் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். உடலுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்களைப்போல் நாலைந்து மடங்கு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மந்தம், படிப்பில் பின்தங்குதல், ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் எல்லாம் இதனால் வரலாம். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் கருவுக்கும் போகும்.

அதனால் என் மகளை, வேலை முடியும்வரை அவள் மாமியார் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்ட வேண்டாம். மேலேயே ப்ரைமர் போட்டு அடிக்கலாம். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரியுங்கள். பிறகு பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெயிண்டரும் நம்மைப்போல் ஒரு குடும்பஸ்தர்தான். அவருக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

குழந்தைக்கு ஈயம் ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

சுண்ணாம்பும் காவியும்

பெயிண்ட் வாசனையே ஒத்துக்கொள்ளாத வீடுகளுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சில நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, காவிப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அருமையான பவழச் சாயல் வரும். காவி என்பது இரும்பின் துரு. சுண்ணாம்பின் காரத்துக்கும் அது வெளுக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுண்ணாம்பு காய்ந்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. கடலில் விளையும் பவழமும் பெரும்பாலும் அதுவேதான்!

ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. கண்ணில் தெறித்தால் கசக்காமல், கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் ஓடவேண்டும்.

அடிக்கும் முன் கவனிக்க...

* ஷேட் கார்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

* நாலு சுவரிலும் அடித்தால் நிறம் கூடித் தெரியும். ஒரு ஷேட் குறைத்து வாங்குங்கள். அல்லது ஒரே சுவரில் மட்டும் அடித்து, மற்றவற்றையும் கூரையையும் வெள்ளையாக விடுங்கள். 12 அடிக்கு 10 அடிச் சுவருக்கு, இரண்டு கோட்டிங் அடிக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும்.

* மேற்கு வெயில் விழும் அறையில் மாலையில் நிறம் தகதகக்கும். வடக்குப் பார்த்த அறைக்குத்தான் இது அமைவாக இருக்கும்.

* ஓதம் ஏறிய சுவரில் அடித்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து ஆஸ்துமாக்காரரைப் படுத்தும். முதலில் ஒழுகலை அடையுங்கள்.

* 'விஓசி குறைவு' என்று போட்ட தண்ணீர்ப் பெயிண்டாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதும் ஜன்னலைத் திறந்துபோட்டு, வாசனை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, கர்ப்பிணியும் குழந்தையும் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

என் பேரன் பிறந்து அந்தப் பவழ அறைக்குத்தான் வந்தான். தினமும் காலையில் அவனை ஜன்னலோரம் தூக்கிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபி. "சுவரைத்தான் அழகா அடிச்சாச்சே, அப்புறம் ஏன் வெளியே தூக்கிட்டுப் போறீங்க?" என்று மனைவி கேலி செய்வார்.

சுவர் அழகாக இருப்பதால்தான்!