பென்டிரைவை அப்படியே பிடுங்கலாமா?

“பத்து வருஷமா அப்படியேதான் சார் பிடுங்குறேன், ஒண்ணும் ஆகலையே!” என்று சொல்லும் ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ‘விரைவாக அகற்றுதல்’ என்பதே பென்டிரைவுக்கான இயல்பு அமைப்பு. எழுதும் வேலை எதுவும் நடக்காதபோது எடுத்தால், அந்தக் கணினிகளில் பெரும்பாலும் சிக்கல் வராது.

மீதிப் பாதிதான் கவனிக்க வேண்டியது. அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கொடுக்கிறோம். “வச்சுட்டுப் போங்க சார், அப்புறம் பதிவேட்டில் ஏத்திடறேன்” என்கிறார் எழுத்தர். கொடுத்தாயிற்று, ஆனால் பதிவாகவில்லை. லினக்ஸ் கணினிகள் இப்படித்தான் செய்கின்றன. கோப்பை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பென்டிரைவில் நிதானமாக எழுதும். நகலெடுக்கும் பட்டை 100% காட்டி மறைந்த பிறகும் எழுதும் வேலை மிச்சமிருக்கலாம். விளக்கு மின்னுவது நின்றுவிட்டதே என்று நம்பவும் முடியாது. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததை நினைவில் கொள்ளுங்கள். நம் பென்டிரைவ் ஒரே கணினியில் தங்குவதில்லை.

நடுவில் பிடுங்கினால் அந்த ஒரு கோப்புதானே போகும் என்று நினைக்க வேண்டாம். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு அதில் ஓர் அட்டவணை உண்டு. அட்டவணையைத் திருத்தும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், சென்ற ஆண்டு வினாத்தாள்கள்கூடக் காணாமல் போகலாம். பாதியில் நின்ற வேலையைக் குறித்துவைத்துச் சரிசெய்யும் வசதி இந்த முறைகளில் கிடையாது.

“பிரிண்ட் மட்டும்தானே எடுக்கிறோம்?” என்றும் கேட்பார்கள். பென்டிரைவில் உள்ள கோப்பை வேர்டில் நேரடியாகத் திறந்தாலே, அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை வேர்டு எழுதிவிடும். ஜெராக்ஸ் கடையின் அவசரத்தில் இது யார் கண்ணுக்கும் தெரியாது.

விண்டோஸில் திரையின் கீழே வலது மூலையில் சிறு அம்புக்குறிக்குள் ‘எஜெக்ட்’ குறி ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் ‘திஸ் பிசி’யில் பென்டிரைவின் மீது வலது சொடுக்குப் போடுங்கள். லினக்ஸில் பென்டிரைவ் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தக் குறி இருக்கும். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால் ஏதோ ஒரு கோப்பு திறந்திருக்கிறது. மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் மறுத்தால் கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு எடுங்கள். ‘ஸ்லீப்’ போதாது.

மதிப்பெண் பட்டியலைப் பென்டிரைவிலேயே வைத்துத் திருத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. என் கருத்தில், எஜெக்ட் செய்யாமல் எடுப்பதைவிட இதுதான் பெரிய ஆபத்து. டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, அங்கே திருத்திச் சேமித்து, பிறகு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். பென்டிரைவ் கெட்டாலும் கணினியில் ஒரு பிரதி மிஞ்சும்.