பூனைகளுக்குக் காணும் காது வியாதி

தென்காசி ஜில்லா சங்கரன்கோவில் தாலுகாவின் கரிசல் கிராமங்களில், உளுந்து, சோளம் முதலிய தானியங்களை வீட்டிலேயே சேமிக்கும் குடியானவர்களுக்குப் பூனை உற்ற காவலாகும். எலிகள் எழுப்பும் உயர்ந்த ஒலிகள் பல மனிதர் செவிக்கு எட்டா. பூனையின் செவிக்கோ எட்டும். ஆகவே காது கெட்ட பூனை தன் காவல் திறமையில் பெரும்பகுதியை இழந்ததாகும். இருந்தும், மாட்டிற்கு நோய் கண்டவுடன் வைத்தியரை நாடுவோர், பூனை காதைச் சொறிவதைப் பொருட்படுத்துவதில்லை.

அறிகுறிகள்: பூனை அடிக்கடி தலையை உதறும், பின்காலால் காதைச் சொறியும். காதினுள் காப்பித் தூள் போன்ற கறுத்த அழுக்கு காணப்பட்டால், பெரும்பாலும் அது காது உண்ணியால் நேர்ந்ததே. அவ்வழுக்கைக் கறுப்புக் காகிதத்தில் பரப்பிப் பூதக்கண்ணாடியால் நோக்கின், வெண்புள்ளிகள் ஊர்வதைக் காணலாம். இவ்வுண்ணி தாயிடமிருந்து குட்டிகளுக்கும், நெருங்கிப் பழகும் நாய்களுக்கும் தொற்றும். சீழும் துர்நாற்றமும் இருப்பின் கிருமிகளும் சேர்ந்துள்ளன எனக் கொள்ளலாம். தலை ஒருபுறம் சாய்தலும் நடை தள்ளாடுதலும் உட்காது பாதிக்கப்பட்டதன் குறிகள். அப்போது தாமதம் கூடாது. ஓயாது தலையை உதறுவதால் காது மடலில் இரத்தம் தங்கி வீங்குவதுமுண்டு. அதை வீட்டில் கீறலாகாது.

செய்யத்தகாதவை: மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் முதலியவற்றைக் காதில் ஊற்றுதல் பெருந்தீங்கு. செவிப்பறை கிழிந்திருப்பின் ஊற்றியது உள்ளே சென்று கேடு விளைவிக்கும். குச்சியால் குடைதலும் ஆகாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிருக்கே அபாயம்.

சிகிச்சை: பூனையைத் துணியில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியுமாறு பிடித்து, கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர் செவிப்பறையைச் சோதித்துக் காதைச் சுத்தம் செய்து, எடைக்கேற்ற மருந்தளிப்பார். செலமெக்டின் என்னும் மருந்து பிடரித் தோலில் இடப்படுவது. உண்ணி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறச் சுமார் 3 வாரமாகும். ஆகையால் சொறிதல் நின்றவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. வீட்டிலுள்ள பூனை, நாய் யாவற்றிற்கும் ஒரே காலத்தில் மருந்திடாவிடின் வியாதி திரும்ப வரும். மேற்பரிசோதனை வேண்டுவோர் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

பிடிக்கும்போது பூனை கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கிராம அதிகாரிகள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம். வாரம் ஒருமுறை பூனையின் காதைப் பார்த்து வருவோருடைய தானியம் எலிக்கு இரையாவது குறையும்.